பதினேழாம் எண் வரவில்லை

மாவட்ட மார்பு நோய் நிலையம், எக்ஸ்ரே வண்டிப் பிரிவு
12 ஏப்ரல் 1967

மதிப்பிற்குரிய தோழர் வர்பனோவ் அவர்களுக்கு,

ஸ்லிவாக் கிராம ஒலிபரப்பின் பொறுப்பாளர் நீங்கள் என்று ஊராட்சியில் சொன்னார்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி காலை எட்டு முதல் மாலை நான்கு வரை எங்கள் எக்ஸ்ரே வண்டி உங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நின்றது. பட்டியலில் உள்ள பெரியவர்கள் இருநூற்று நாற்பத்து மூன்று பேர். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதிலும் இருவர் வண்டியின் பழைய சக்கரம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்க வந்தவர்கள். வந்த இடத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

காசநோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும்போது அது ஆரம்பமாக இருக்காது. இதை உங்கள் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். மே பதினைந்தாம் தேதி வண்டி மறுபடியும் வரும். மக்கள் ஏன் வரவில்லை என்பதையும் எழுதித் தெரிவிக்கவும்.

நெவெனா தொப்ரேவா
எக்ஸ்ரே பணியாளர்

பி.கு.: ஒலிபெருக்கிக் கம்பம் எங்கள் வண்டிக்கு நேர் மேலே இருந்தது. பீட்ரூட் விதைப்பு பற்றி நீங்கள் பேசியது தெளிவாகக் கேட்டது. நடுவே யாரோ நெஞ்சு கிழிய இருமியதும் கேட்டது. அவர் வண்டியில் ஏறினாரா?

*

ஸ்லிவாக்
17 ஏப்ரல் 1967

மதிப்பிற்குரிய தோழர் தொப்ரேவா,

'ஒலிபரப்பின் பொறுப்பாளர்' என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். விஷயம் இதுதான்: ஊராட்சிக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் அறை. அதில் ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி இயந்திரம், ஒரு நாற்காலி, நாற்காலியின்மேல் நான். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கம்பி வழியாக என் குரல் போய்ச் சேரும் ஒரு மரப்பெட்டி. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு நிலையம் மாற்ற முடியாது. அந்த ஒரே காரணத்தால்தான் இருபது வருஷமாக என்னைக் கேட்கிறார்கள்.

நீங்கள் ஏன் தொலைபேசியில் கேட்காமல் கடிதம் எழுதினீர்கள் என்று தெரியாது. எழுதியது நல்லதாகப் போயிற்று. தொலைபேசி அஞ்சலகத்தில் இருக்கிறது. அங்கே மின்கா இருக்கிறாள். நாம் பேசினால் கேட்பது மட்டுமில்லை, நடுவில் பதிலும் சொல்வாள். கடிதங்களை அவள் பிரிப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள். உங்கள் வண்டி வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் எக்ஸ்ரே இருந்தது.

ஏன் வரவில்லை? விசாரித்தேன். ஆண்கள் சொன்ன காரணம்: நேற்றுக் குடித்த ரக்கியாச் சாராயம் படத்தில் தெரியும். பெண்கள் சொன்ன காரணம்: ஆண்களே போகவில்லை. உண்மையான காரணத்தைப் பால் சேகரிக்கும் ஸ்தோய்கா அக்கா சொன்னாள். போன வருஷம் அவள் மகளுக்கு உங்களிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. 'இரண்டாவது படத்துக்கு வரவும்.' அட்டை, உறை இல்லை. மின்காவுக்கு வெளிச்சம்கூடத் தேவைப்படவில்லை. பெண் அசைந்ததால் படம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது தெரியவருவதற்குள் நிச்சயம் நின்றுபோயிற்று.

"படம் எடுக்குறது அரை நிமிஷம் தம்பி. ஊரு வாய மூடுறதுக்கு மூணு வருஷம் ஆகும்" என்றாள்.

இருமியவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். அது நான்தான். புகையிலை இருமல். இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறது. கல்யாணம் ஆகாத குறையே எனக்குத் தெரியவில்லை.

வணக்கத்துடன்
மெத்தோதி வர்பனோவ்

*

21 ஏப்ரல் 1967

தோழர் வர்பனோவ்,

அஞ்சலட்டை எங்கள் தவறு. ஸ்தோய்கா அவர்களின் மகள் என்று நான் நினைக்கவே இல்லை. 'எண் 88, படம் கலங்கல்' என்றுதான் நினைத்தேன். இன்று முதல் எல்லாம் ஒட்டிய உறையில் போகும். தடித்த பழுப்பு உறை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை.

இத்துடன் வராத இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியல். ஒரு நாளைக்கு ஆறு பேர் வீதம் வாசியுங்கள். தன் பெயரைக் கேட்டால் மனிதர் திரும்பிப் பார்ப்பார்.

புகையிலை இருமல் என்று ஒரு நோய் எங்கள் பதிவேட்டில் இல்லை.

நெ. தொப்ரேவா

*

ஸ்லிவாக்
4 மே 1967

தோழர் தொப்ரேவா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன். அவர் நலமாக இருக்கிறார்.

என்னிடம் இரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. ஒன்று கல்யாண ஆட்டம். அதன்மேல் ஊராட்சித் தலைவர் ராங்கோ பிப்ரவரியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது மெதுவான தட்டு. மரண அறிவிப்புக்கு முன்னால் போடுவது. போன சனிக்கிழமை மாலை உங்கள் பட்டியலைக் கையில் எடுத்தபோது, இவ்வளவு முக்கியமான விஷயத்தை இசை இல்லாமல் தொடங்குவதா என்று எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. போட்டேன்.

அந்த இசை கேட்டால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் தெரியுமா? "யாரு? யாரு?" என்று கத்திக்கொண்டே பானையை அடுப்பிலிருந்து இறக்குவார்கள். நான் காசநோய் பற்றி அழகாகப் பேசியதெல்லாம் பானைச் சத்தத்தில் போயிற்று. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவர்கள் காதில் விழுந்தது ஆறு பெயர்கள்.

ஒரே நாளில் ஆறு சாவு! தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆறில் ஐந்து பேர் தாங்களே ஓடி வந்ததால் அந்த ஐந்து பிழைத்தன. நான்காம் எண், ஆட்டுக்காரர் கோலு, மலைமேல் கிடையில் இருந்தார். தனிக்கட்டை. மறுத்துச் சொல்ல ஆளில்லை. நான் தெருத்தெருவாகப் போய் "அது எக்ஸ்ரேய்யா, எக்ஸ்ரே!" என்று சொன்னேன். "எதுனால செத்தா என்ன, நல்ல மனுஷன்" என்றார்கள்.

மறுநாள் ஈஸ்டர். கோலு வெண்ணெய்க்கட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறார். அவர் வீட்டு வாசலில் கூட்டம். செத்தவர் பேரில் பங்கிடும் அவித்த கோதுமையும் சர்க்கரையும் தட்டுத் தட்டாக. பூக்கள், சாவு வீட்டு வழக்கப்படி எல்லாம் இரட்டைப்படையில்.

"யாருய்யா செத்தது?"

"நீதான்யா."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். ரேடியோல சொன்னாங்க."

மூட்டையை இறக்கி வைத்தார். "சரி, ரேடியோல சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பேரச் சொல்லி ஊத்துறீங்கள்ல, எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் ஊரில் ஒருவர் உயிர்த்தெழுந்தார் என்ற செய்தி மூன்று ஊர் தாண்டிப் போய்விட்டது. அது எப்படி நடந்தது, யார் அனுமதித்தார்கள் என்று கட்சிக்கு விளக்கம் எழுதும் வேலை தலைவர் ராங்கோவுக்கு. என்னோடு பேசுவதில்லை.

ஆனால் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை பதினெட்டு வரை வாசித்து முடித்தபோது, வாசலில் ஏழு பேர் நிற்கிறார்கள். "வண்டி என்னைக்கு வருது? எங்க பேர மட்டும் வாசிச்சுடாதப்பா, நாங்களே வந்துர்றோம்." உயிரோடு இருக்கும்போது ரேடியோவில் பெயர் வருவதைவிட எக்ஸ்ரே மேல் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

உங்கள்
மெத்தோதி வர்பனோவ்

*

19 மே 1967

தோழர் மெத்தோதி,

உங்கள் கடிதத்தை வண்டியில் போகும்போது படித்தேன். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, "என்னம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு அதிகம் சிரித்துப் பழக்கமில்லை. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரிவதில்லை.

மே பதினைந்தாம் தேதி வந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர். நிலைய மருத்துவர் எண்ணிக்கையை இரண்டாம் முறை சரிபார்க்கச் சொன்னார். கோலு அவர்கள் முதல் ஆளாக ஏறினார். "நல்லாப் பாருங்கம்மா. உள்ள உயிர் இருக்கான்னு எழுதிக் குடுங்க, மின்காகிட்டக் காட்டணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் வரவில்லை.

நாள் முழுவதும் எங்கள் தலைக்கு மேலே, "வாருங்கள், வரிசையாக வாருங்கள், தோழர் தொப்ரேவா கடிக்க மாட்டார்" என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். மைக்கை அணைக்குமுன் வந்துவிட்ட இருமல்கள் பதினொன்று. எண்ணினேன், எண்ணுவது என் வேலை. மாலை நான்கு மணிக்கு நான் படிகளை மடிக்கும்போதுகூட ஊராட்சிக் கட்டடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை இல்லை.

நான் அனுப்பிய பட்டியலில் பதினேழாம் எண் உங்கள் பெயர். அன்று நீங்கள் எப்படி வாசித்தீர்கள் என்று ஸ்தோய்கா அவர்களிடம் கேட்டேன்.

"பதினாறு வாசிச்சாரு. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் பதினெட்டு."

ஊர் முழுவதையும் என் வண்டியில் ஏற்றிவிட்டு நீங்கள் துடைப்ப அறையில் ஒளிந்துகொண்டீர்கள். வருத்தமாக இருக்கிறது. வண்டி இனி செப்டம்பரில்தான் வரும். நகரத்தில் எங்கள் நிலையம் செவ்வாய், புதன் திறந்திருக்கும்.

நெவெனா தொப்ரேவா

*

ஸ்லிவாக்
24 மே 1967

தோழர் தொப்ரேவா,

இருநூறு பேரைக் கூட்டிக் கொடுத்தேன். நன்றி என்ற சொல் உங்கள் கடிதத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். என் இருமலின் எண்ணிக்கை இருந்தது.

மார்பைப் படம் எடுப்பது உங்கள் வேலை. ஒருவன் எங்கே ஒளிந்தான் என்று ஊராரிடம் விசாரிப்பது மின்காவின் வேலை. அவள் அதை உங்களைவிட நன்றாகவே செய்கிறாள்.

செப்டம்பரில் பார்க்கலாம்.

மெ. வர்பனோவ்

*

10 ஜூன் 1967

மெத்தோதி,

நன்றி. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு எண்கள் முதலில் வரும், மனிதர்கள் பிறகு வருவார்கள். இதை என் தங்கையும் சொல்வாள்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக இல்லை. ஆனால் தாள் தீர்ந்துவிட்டது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் இடது பக்கம் ஒரு நிழல் இருந்தது. நான்கு மாதம் இருமிக்கொண்டே ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். பஞ்சுத் தூசி என்று எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் புகையிலை என்கிறீர்களே, அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். பிறகு சானடோரியம். இரண்டு வருஷம், இரண்டு மாதம்.

எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அவர் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். முதலில் நான்கு பக்கம். பிறகு இரண்டு. பிறகு ஒரு பக்கம், பெரிய எழுத்தில். கடைசியாக வந்தது ஒரு வாழ்த்தட்டை, அதில் பனிமலைப் படம். நான் குணமாகி வெளியே வந்தேன். ஆனால் அந்தக் கடிதங்கள் சுருங்கியது மட்டும் இன்றுவரை குணமாகவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் கடிதம் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதனால்தான் என் கடிதங்கள் சின்னதாக இருக்கின்றன. பெரிதாக எழுதினால் சுருங்குவதற்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

உங்களுக்கு என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன பயம் என்று சொல்கிறேன். செப்டம்பரில் என் வண்டி உங்கள் சதுக்கத்தில் நிற்கும்போது அந்தக் கம்பத்தில் வேறு குரல் பேசினால் என்ன செய்வேன் என்று பயம்.

செவ்வாய், புதன். காலை எட்டு முதல் இரண்டு வரை.

நெவெனா

*

ஸ்லிவாக்
2 ஜூலை 1967

நெவெனா,

புதன்கிழமை காலைப் பேருந்தில் ஏறும்போது, இயந்திரத்துக்கு வால்வு வாங்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். மின்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"வால்வு வாங்கப் போற ஆளுக்கு வெள்ளச் சட்ட எதுக்குண்ணே?"

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சட்டையைக் கழற்றச் சொன்னீர்கள். இஸ்திரி போட்ட இரண்டு மணி நேரமும் வீண். ஜன்னல் பக்கம் படத்தைப் பிடித்து, வலது மேல்பக்கம், பிளம் கொட்டை அளவில் இருந்ததைக் காட்டினீர்கள். நான் ஏதோ நகைச்சுவையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை, என் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள். அது மட்டும் நினைவிருக்கிறது.

என் பயத்தை நீங்கள் அன்று கேட்கவில்லை, கடிதத்திலும் கேட்கவில்லை. சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் எங்கள் ரொட்டிக்காரருக்கு இந்த நோய் வந்தது. ஊரே அவர் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொண்டது. நானும் மூடினேன். அதே வாரம் ரேடியோவில் 'நோயாளிகளிடம் அன்பாக இருங்கள்' என்று வாசித்தவனும் நான்தான். அந்தத் துணி என் பக்கம் திரும்பும் என்றுதான் பதினேழை விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை மாலை மைக்கைப் போட்டேன். இசை இல்லை. "வராதவர்கள் பட்டியலில் ஒரு பெயரை வாசிக்காமல் விட்டேன். பதினேழு: மெத்தோதி வர்பனோவ். இப்போது போய் வந்துவிட்டான். வலது நுரையீரலில் நிழல் இருக்கிறது. அவன் இந்த அறையில் உங்களில் பலரோடு உட்கார்ந்து புகை பிடித்தவன். அவர்கள் செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளவும். முகத்தை மூடிக்கொண்டு நடப்பவர்கள் நடக்கலாம், அவனும் நடந்தவன்தான்" என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

தெருவில் ஒரு சத்தம் இல்லை. வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தேன். பிறகு கதவு திறந்தது. ஸ்தோய்கா அக்கா, கையில் பால் குவளை.

"என் பொண்ணுக்கு ஊரு பண்ணுனத உனக்கும் பண்ணணும்னுதான் தம்பி நெனச்சேன். அப்ப நீயும் வாயத் தொறக்கலல்ல? அடுப்புக்கிட்டயே உக்காந்துருந்தேன். கால் கேக்க மாட்டேங்குது." குவளையை வைத்துவிட்டு, "ஒரு கோப்ப எடு, ரெண்டு பேரும் குடிப்போம்" என்றாள்.

"வேண்டாங்க்கா, தனிக் கோப்பை. நெவெனா தோழர் கேட்டா என்னய உரிச்சுடுவாங்க."

"யாரு, நெவெனாவா?" என்று ஒரு மாதிரி பார்த்தாள். உங்கள் பெயரைத் 'தொப்ரேவா' என்று சொல்லியிருக்க வேண்டும். தவறிவிட்டது.

ஜன்னல் வழியாகக் கோலு தலையை நீட்டினார். "என்னய முன்னாடி அனுப்பி வச்சுட்டு நீயும் பின்னாலயே வர்றியா? வரிசைல நில்லுடா!" என்று திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை சானடோரியம். ஊசி போடுவார்கள், பேசக் கூடாதாம். என்னைப் பேசக் கூடாது என்று சொல்வதற்கு ஒரு நோய் தேவைப்பட்டிருக்கிறது என்று ராங்கோ சந்தோஷமாக இருக்கிறார்.

ஒரு விஷயம். நீங்கள் ஏற்கெனவே சின்னதாகத்தான் எழுதுகிறீர்கள். அதனால் இனிமேல் சுருங்க இடமில்லை. அது எனக்கு ஒரு தைரியம்.

மெத்தோதி

*

20 செப்டம்பர் 1967

மெத்தோதி,

எடை கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை கிலோ என்று எழுதவில்லை. எழுதவும். நவம்பரில் உங்களுக்கு அடுத்த படம். அதுவரை மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. இதோடு அனுப்பியிருக்கும் பன்னிட்சா அடுக்கு ரொட்டியை நான் சுட்டேன். கீழே கருகிவிட்டது. மேல்பக்கத்தைச் சாப்பிடுங்கள்.

திங்கட்கிழமை ஸ்லிவாக் போயிருந்தோம். தலைவர் ராங்கோ ஒரு வாரமாக உங்கள் மைக்கில் அறிவித்திருக்கிறார். தினமும் நாற்பது நிமிடம், ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து ஆரம்பித்து. வந்தவர்கள் ஒன்பது பேர்.

"அவரு பேச ஆரம்பிச்சா பெட்டியத் திருகி வச்சுர்றோம். ஒரு இருமல்கூட இல்லாம பேசுறாரு, எப்படி நம்புறது?" என்றார் ஸ்தோய்கா.

இது சிரிக்கும் விஷயம் இல்லை. மே மாதப் படங்களில் நான்கு பேருக்குச் சந்தேகம் இருக்கிறது. யார் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பழுப்பு உறையில் எழுதினேன், இரண்டு முறை. அவர்கள் வரவில்லை. வெறும் சதுக்கத்தில் ஒருவர் தனியாக வண்டியில் ஏறினால் ஊர் முழுவதும் பார்க்கும் அல்லவா? எல்லோரும் வந்தால்தான் அந்த நால்வரும் வருவார்கள். நால்வரில் ஒருவருக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

அக்டோபர் ஒன்பதில் மறுபடி போகிறோம். முந்தின நாள் மாலை நானே மைக்கில் பேசலாம் என்று ராங்கோவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வாங்கிய நிமிடத்திலிருந்து என் கை நடுங்குகிறது. நான் மூடிய வண்டிக்குள் ஒரு சமயத்தில் ஒரு ஆளோடு பேசுகிறவள். எனக்கு வார்த்தை எழுதிக் கொடுங்கள். நீங்கள் பேசுவதுபோல. நான் அதைப் பார்த்துப் படித்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் இரண்டு பக்கம் வந்துவிட்டது. கவனித்தேன்.

நெவெனா

*

சானடோரியம்
28 செப்டம்பர் 1967

நெவெனா,

நான்கு கிலோ இருநூறு கிராம். பன்னிட்சா முழுவதையும் சாப்பிட்டேன், கருகினதையும் சேர்த்து. பக்கத்துக் கட்டில்காரர் மோப்பம் பிடித்துவிட்டு, "யாருய்யா உனக்கு இப்படிச் சுட்டு அனுப்புறது, எதிரியா?" என்றார். ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

கேட்டது இதோ. அடைப்புக்குறிக்குள் இருப்பது உங்களுக்கு மட்டும்.

'ஸ்லிவாக் மக்களே, வணக்கம். (இங்கே நிறுத்துங்கள். பானையை இறக்க நேரம் கொடுங்கள்.)

இது மரண அறிவிப்பு அல்ல. கோலு நன்றாக இருக்கிறார். (சிரிப்பார்கள். நீங்கள் சிரித்துவிடாதீர்கள், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.)

நாளை காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே வண்டி வருகிறது. உங்கள் மெத்தோதி மே மாதமே ஏறியிருந்தால் இந்நேரம் வீடு திரும்பியிருப்பான். பயந்தான். ஊருக்கே சேர்த்து அவன் பயந்து முடித்துவிட்டான். இனி நீங்கள் பயப்பட மிச்சம் இல்லை. (தண்ணீர் குடியுங்கள். கை நடுங்கினால் மைக்கின் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் தெரியாது.)

எல்லோரும் வாருங்கள். எல்லோரும் வந்தால், யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்ற நீங்கள் செய்ய வேண்டியது, அவருக்கு முன்னாலோ பின்னாலோ வரிசையில் நிற்பது மட்டும்தான். (இந்த இடத்தில் பயம் வந்தால், நான் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிற்பேன். நெவெனா, நவம்பரில் படம் சுத்தமாக வந்தால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது கேட்க மாட்டேன், நீங்கள் மைக் முன்னால் இருக்கிறீர்கள்.)

நாளை எட்டு மணி. சதுக்கம். வணக்கம்.'

இவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது.

மெத்தோதி

*

11 அக்டோபர் 1967

மெத்தோதி,

எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும். அடைப்புக்குறிகளோடு.

ஞாயிறு மாலை ஆறரை மணி. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் தெரிந்தது அந்தத் தாள் ஒன்றுதான். ஒரு வரியை விட்டால் கீழே விழுந்துவிடுவேன் என்பதுபோல வரி வரியாகப் பிடித்துக்கொண்டு போனேன். 'பானையை இறக்க நேரம் கொடுங்கள்' என்று ஊருக்குச் சொன்னேன். 'தண்ணீர் குடியுங்கள்' என்று ஊருக்குச் சொன்னேன். பல வீடுகளில் குடித்தார்களாம். நீங்கள் இருபது வருஷமாக எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்பதையும் சொன்னேன். 'நீங்கள் மைக் முன்னால் இருக்கிறீர்கள்' என்று வாசித்த பிறகுதான் நான் மைக் முன்னால் இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

"ஐயோ" என்றேன். அதுவும் போயிற்று.

கதவைத் திறந்தால் மின்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அக்கா, வளைவுக்குள்ள இருக்குறத வாசிக்கக் கூடாதுக்கா. ஆனா வாசிக்காம மட்டும் விட்டிருந்தீங்க, ஜென்மத்துக்கும் உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன்."

அந்த நிமிடமே நகரத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்தேன். உங்கள்மேல் கோபம். யார் மைக்கில் வாசிக்கும் தாளில் இப்படியெல்லாம் எழுதுவார்கள்? பிறகு அந்த நான்கு பேரை நினைத்துக்கொண்டேன். இருந்தேன்.

காலை எட்டு மணிக்கு வண்டியின் கதவைத் திறந்தேன். வரிசை சதுக்கத்தைச் சுற்றி, அஞ்சலகத்தைத் தாண்டி, கிணறு வரை போயிருந்தது. நோய்க்காக யாரும் வரவில்லை மெத்தோதி. என் முகத்தைப் பார்க்க வந்தார்கள். இருநூற்று நாற்பத்து மூன்றில் இருநூற்று முப்பத்தாறு பேர். நான் சொன்ன நால்வரும் வந்தார்கள், கூட்டத்தின் நடுவில். அவர்களை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் இல்லாதவர் என்று எழுதினேனே, அவரை அன்றைக்கே எங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்து ஆரம்பித்தாயிற்று. பிழைத்துக்கொள்வார் என்கிறார் மருத்துவர்.

ஸ்தோய்காதான் ஆரம்பித்து வைத்தார். தகட்டில் மார்பை ஒட்டிக்கொண்டு நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பிறகு அந்த இறுகிய வாயோடு, "விடலாமா மருமகளே?"

"தோழர் என்று கூப்பிடவும்" என்றேன்.

அடுத்தவரும் மருமகளே என்றார். அதற்கடுத்தவரும். மூன்று பேரைத் திருத்தினேன். ஏழு பேரைத் திருத்தினேன். நாற்பதாவது ஆள் வரும்போது, திருத்துவதற்கு நேரம் செலவாகிறது, வரிசை நீளம், வெயில் ஏறுகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு யாரையும் திருத்தவில்லை.

கடைசி ஆள் கோலு. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அவன் நவம்பர்ல கேப்பானாமே. அதுவரைக்கும் நாங்க தூங்க வேணாமா? நீங்களே போயி 'என்னய்யா கேக்கணும்'னு கேட்டுட்டு வாங்கம்மா. ஒரு சேதிய ரேடியோல பாதி சொல்லி நிறுத்துறது எங்க ஊருல வழக்கமில்ல" என்றார்.

படம் சுத்தமாக வந்தால் கேட்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிபந்தனையை நான் ஊருக்கு வாசித்தேன், சரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. படம் எப்படி வேண்டுமானாலும் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிப் பேருந்தில் அங்கே வருகிறேன். கேளுங்கள்.

நெவெனா